கலிஃபோர்னியாவின் தங்க வேட்டை நகரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1848ஆம் ஆண்டுக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலைச்சரிவுகளில் நூற்றுக்கணக்கான சுரங்க ஊர்கள் தோன்றின. அவற்றில் பெரும்பாலானவை ஒரு தலைமுறைகூட நீடிக்கவில்லை. சில மட்டும் இன்றும் உயிரோட்டமுள்ள ஊர்களாக இருக்கின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடினால், ஒவ்வொரு ஊரிலும் தங்கம் எந்த வடிவில் கிடந்தது, அதை எடுக்க எவ்வளவு தண்ணீரும் முதலீடும் தேவைப்பட்டன என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறோம். பரவலாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்து இங்கே விடை தரப்படுகிறது.

தங்கம் முதலில் எங்கே கண்டெடுக்கப்பட்டது?

அமெரிக்கன் ஆற்றின் தென்கிளைக் கரையில் உள்ள கொலோமா என்ற இடத்தில். சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் பெரும் பண்ணை வைத்திருந்த ஜான் சட்டருக்காக, ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர் அங்கே மரம் அறுக்கும் ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆலைச் சக்கரத்தைச் சுற்றிய பின் தண்ணீர் வெளியேற வேண்டிய வாய்க்கால் ஆழமில்லாமல் இருந்ததால், இரவில் ஆற்று நீரை அதற்குள் திறந்துவிட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டு போகச் செய்வதும், காலையில் மதகை அடைத்துவிட்டுப் பார்வையிடுவதும் அவருடைய வழக்கம். 1848 ஜனவரி 24 அன்று காலை அப்படிப் பார்வையிட்டபோது, வாய்க்காலின் அடியில் மின்னிய துணுக்குகள் அவர் கண்ணில் பட்டன. கல்லின் மேல் வைத்துத் தட்டிப் பார்த்தார். உடையாமல் தகடாக நசுங்கியது. ஆலைத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்ட ஜென்னி விம்மர், சோப்புக் காய்ச்சும் காரநீர்க் கொப்பரையில் ஒரு துணுக்கைப் போட்டு வேகவைத்துப் பார்த்தார், அது கறுக்கவில்லை.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், பிப்ரவரி 2 அன்று, தோல்வியுற்ற மெக்சிகோ கலிஃபோர்னியாவை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. விட்டுக்கொடுத்தவர்களுக்கும் பெற்றுக்கொண்டவர்களுக்கும் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று அன்று தெரியாது.

செய்தி எப்படிப் பரவியது? எத்தனை பேர் வந்தார்கள்?

வேலையாட்கள் ஆலையை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்று அஞ்சிய சட்டர், செய்தியை மறைக்க முயன்றார். அவருடைய கோட்டைக்கு அருகே கடை வைத்திருந்த சாம் பிரானனுக்கோ அது வெளியே பரவுவதில்தான் ஆதாயம் இருந்தது. 1848 மே மாதத்தில் அவர் தங்கத்தூள் நிரப்பிய ஒரு சிறு புட்டியைக் கையில் ஏந்தியபடி சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் கூவிக்கொண்டே நடந்தார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று குடியரசுத் தலைவர் போல்க் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் தங்கம் கிடைப்பதை உறுதிப்படுத்தியதும், உலகமே கிளம்பியது.

கிழக்குக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் தென் அமெரிக்காவின் கோடியைச் சுற்றி வர ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகும். பனாமாவில் இறங்கி, காய்ச்சல் பரவிய காட்டைக் கடந்து, மறுகரையில் வேறு கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. மாட்டு வண்டிகளில் நிலவழியாக வந்தவர்கள் காலரா நோய்க்கு வழியெங்கும் தம்மவரைப் புதைத்துவிட்டு வந்தனர். 1855க்குள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் வந்து சேர்ந்தனர். 1848இன் தொடக்கத்தில் ஆயிரம் பேர் அளவில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் மக்கள்தொகை இரண்டே ஆண்டுகளில் சுமார் 25,000 ஆனது. மாலுமிகளும் தங்கம் தேடிப் போய்விட்டதால் துறைமுகத்தில் அனாதையாக நின்ற கப்பல்களைக் கரைக்கு இழுத்துக் கிடங்காகவும் விடுதியாகவும் மாற்றினர். யூஃபீமியா என்ற கப்பல் நகரத்தின் சிறைச்சாலையாகப் பயன்பட்டது.

ஒரு கூடார முகாம் எப்படி ஊராக மாறியது?

தொடக்கத்தில் தங்கம் ஆற்று மணலிலும் சரளையிலும் தனித்தனித் துகள்களாகக் கலந்து கிடந்தது. அகன்ற தட்டு ஒன்றும் மண்வெட்டி ஒன்றும் இருந்தால் எவரும் ஓடையில் குந்தி மண்ணை அரிக்கலாம். எடை மிகுந்த தங்கம் தட்டின் அடியில் தங்கிவிடும். எனவே எங்கே நல்ல மண் அகப்பட்டதோ அங்கே சில நாட்களில் கூடாரங்கள் முளைத்தன. மண் வற்றியதும் அதே வேகத்தில் காலியாயின. இந்த நிலையில் அது முகாம்தான்.

அதை ஊராக்கியவை கடை, உணவு விடுதி, மதுக்கடை, தபால், தங்கத்தை நிறுத்து வாங்கும் தராசு ஆகியவை. நாணயம் அரிதாக இருந்ததால் தங்கத்தூளே பணமாக ஓடியது; 1849இல் முகாம்களில் ஓர் அவுன்ஸுக்கு 16 டாலர் என்பது பொதுவான மதிப்பு. மதுக்கடையில் ஒரு கோப்பைக்கு விலை, கடைக்காரர் இரு விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகைத் தூள். பருத்த விரல்கள் உடையவருக்கு அந்த வேலை எளிதில் கிடைத்தது என்று அக்காலத்தவர் சொல்வது வழக்கம்.

தங்கம் தேடியவர்கள் பணக்காரர்கள் ஆனார்களா?

முதல் ஓராண்டில் வந்தவர்களில் சிலர் நன்றாகவே சம்பாதித்தனர். கூட்டம் பெருகப் பெருக, ஒரு நாள் முழுவதும் குளிர்ந்த நீரில் நின்று அரித்தாலும் கூலிக்கு மேல் தேறாத நிலை வந்தது. மலையூர்களில் மாவு, பன்றி இறைச்சி, காலணி ஆகியவற்றின் விலையோ அந்தக் கூலியையும் தின்றது. நிலையான செல்வம் பெரும்பாலும் விற்றவர்களிடமே சேர்ந்தது. சாம் பிரானன் கலிஃபோர்னியாவின் முதல் கோடீஸ்வரர் என்று அழைக்கப்பட்டார். பிளாசர்வில் ஊரில் 1853 முதல் ஐந்து ஆண்டுகள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்ற ஜான் ஸ்டூடபேக்கர், சுமார் 8,000 டாலர் சேமிப்புடன் இந்தியானாவுக்குத் திரும்பி, அண்ணன்மாரின் வண்டித் தொழிலில் அதை முதலீடு செய்தார்; பின்னாளில் அது கார் நிறுவனமாக வளர்ந்தது.

மாறாக, எல்லாவற்றுக்கும் காரணமான இருவருமே நொடிந்துபோனார்கள். சட்டரின் நிலத்தை வந்தவர்கள் ஆக்கிரமித்தனர், கால்நடைகளைக் கொன்று தின்றனர். இழப்பீடு கேட்டு வாஷிங்டனில் அலைந்தபடியே அவர் 1880இல் இறந்தார். மார்ஷல் 1885இல் வறுமையில் இறந்தார்.

ஜீன்ஸ் அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக உருவானதா?

பரவலாக நம்பப்படுவது அதுதான், ஆனால் காலம் பொருந்தவில்லை. லீவை ஸ்ட்ராஸ் 1853இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து மொத்தத் துணி வணிகம் நடத்தினார். தையல் கிழியாமல் இருக்கச் செப்புக் குமிழ் பொருத்திய காற்சட்டைக்கான காப்புரிமையை, தையற்காரர் ஜேக்கப் டேவிஸுடன் சேர்ந்து அவர் பெற்றது 1873 மே 20 அன்று. அப்போது தட்டு வைத்து அரிக்கும் காலம் மலையேறிவிட்டது.

பெண்கள் இந்த ஊர்களில் இருந்தார்களா?

மிகக் குறைவாக. 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியா முழுவதிலும் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. சுரங்க மாவட்டங்களில் இந்த விகிதம் இன்னும் குறைவு. ஆகவே சமையல், துவைத்தல், தங்க இடம் தருதல் ஆகிய வேலைகளுக்குப் பிற இடங்களில் கிடைக்காத விலை இங்கே கிடைத்தது. லூசினா வில்சன் என்ற பெண் கணவருடனும் குழந்தைகளுடனும் நெவாடா சிட்டி என்ற சுரங்க ஊருக்கு வந்தபோது அவரிடம் கையிருப்பு எதுவும் இல்லை. முளைகளை அடித்துப் பலகைகளை வைத்து ஒரு மேசை அமைத்தார். உணவுப் பொருள் வாங்கிச் சமைத்தார். அன்றிரவு கணவர் வீடு திரும்பியபோது அந்த மேசையில் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தனர், ஆளுக்கு ஒரு டாலர். விரைவில் அது விடுதியாகியது. 1851இல் ஊரையே எரித்த தீயில் அந்த விடுதியும் போனது. தங்க வேட்டையின் பொருளாதாரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒரு வாழ்க்கையை நான் அறியேன்.

சுரங்க ஊர்கள் ஏன் அடிக்கடி எரிந்தன?

கித்தான் கூடாரம், பைன் பலகை, எண்ணெய் விளக்கு, கோடையில் மழையே இல்லாத வானிலை ஆகியவை ஒன்றுசேர்ந்தால் ஒரு பொறி போதும். சான் பிரான்சிஸ்கோ 1849 டிசம்பருக்கும் 1851 ஜூனுக்கும் இடையில் மட்டும் ஆறு முறைக்குக் குறையாமல் பெருந்தீயில் எரிந்தது. டுவாலமி மாவட்டத்துக் கொலம்பியா என்ற ஊர் 1854இலும் 1857இலும் எரிந்த பின், கடைத்தெருவைச் செங்கல்லால் கட்டி, கதவு ஜன்னல்களுக்கு இரும்புத் தட்டிகள் போட்டுக்கொண்டது. அந்தச் செங்கற் கட்டடங்களே அவ்வூரை இன்றுவரை காத்து நிற்கின்றன.

சட்டமும் காவலும் யார் கையில் இருந்தன?

1848, 1849இல் அரசு என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. 1850 செப்டம்பர் 9 அன்றுதான் கலிஃபோர்னியா ஒரு மாநிலமாக ஏற்கப்பட்டது. நிலம் கூட்டாட்சி அரசுக்குரியது, தோண்டியவர்கள் அத்துமீறியவர்கள் என்பதே சட்டப்படியான நிலை. எனவே ஒவ்வொரு முகாமும் கூட்டம் போட்டுத் தனக்கான விதிகளை எழுதிக்கொண்டது: ஒருவர் எத்தனை அடி நிலத்தைப் பிடிக்கலாம், எத்தனை நாள் வேலை செய்யாவிட்டால் உரிமை போகும், குழியில் கருவியை விட்டுச் சென்றால் அந்த இடம் அவருடையதாகவே கருதப்படுமா என்பன போன்றவை. இவ்விதிகளின் சாரத்தைத்தான் பின்னர் 1866, 1872ஆம் ஆண்டுகளின் கூட்டாட்சிச் சுரங்கச் சட்டங்கள் ஏற்றுக்கொண்டன. இதை மக்களாட்சியின் அழகிய சான்றாகப் போற்றுவோர் உண்டு. ஆனால் அதே கூட்டங்கள்தான் விசாரணை என்ற பெயரில் சில மணி நேரத்தில் தூக்கு மரத்தையும் தீர்மானித்தன. பிளாசர்வில் முன்பு பெற்றிருந்த பெயர் ஹேங்டவுன், அதாவது தூக்கிலிடும் ஊர். யார் அந்தக் கூட்டத்தில் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர்.

அந்த மண்ணில் முன்பே வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வி பல நூல்களில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது இதுவே. கொலோமா, நெவாடா சிட்டி பகுதிகள் நிசெனான் மக்களின் வாழிடம். 1848இல் ஆறுகளில் தங்கம் எடுத்தவர்களில் பெரும் பகுதியினர் பழங்குடியினரே. சட்டருக்கும் பிற பண்ணையாளர்களுக்கும் அவர்கள் உழைத்தனர். புதிதாக வந்தவர்கள் அவர்களைப் போட்டியாளராகவும் தடையாகவும் கண்டு விரட்டினர். சேறு கலந்த ஆறுகளில் சால்மன் மீன் ஏறவில்லை, மாவாக இடித்து உண்ட ஓக் கொட்டைகளுக்குரிய மரங்கள் வெட்டப்பட்டன, பசியால் கால்நடையைக் கொன்றால் ஊர் முழுவதையும் சுட்டனர்.

1850இல் மாநிலம் இயற்றிய ஒரு சட்டம், 'பாதுகாப்பு' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, சும்மா திரிவதாகச் சொல்லிப் பழங்குடியினரைப் பிடித்து ஏலம் விடவும், அவர்களுடைய குழந்தைகளைக் கட்டாய வேலைக்கு வைத்துக்கொள்ளவும் வழி செய்தது. பழங்குடியினம் அழியும்வரை அழிப்புப் போர் தொடரும் என்று முதல் ஆளுநர் பீட்டர் பர்னட் 1851 ஜனவரியில் சட்டமன்றத்திடம் தெரிவித்தார். தாக்குதல் நடத்திய படைக் குழுக்களின் செலவை மாநிலம் ஏற்றது. 1848இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சமாக இருந்த பழங்குடி மக்கள்தொகை 1870 அளவில் சுமார் 30,000 ஆகச் சுருங்கியது. நோயும் பசியும் கொலையும் சேர்ந்து செய்த அழிவு இது. மாநில ஆளுநர் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2019இல்.

மெக்சிகர்களும் சீனர்களும் எப்படி நடத்தப்பட்டார்கள்?

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலிருந்து வந்தவர்கள் பரம்பரையாகச் சுரங்கத் தொழில் அறிந்தவர்கள். கலிஃபோர்னியாவின் சொனோரா என்ற ஊருக்குப் பெயர் தந்தவர்களும் அவர்களே. 1850இல் வெளிநாட்டுச் சுரங்கக்காரர் மீது மாதம் 20 டாலர் வரி விதிக்கப்பட்டதும் பல்லாயிரவர் வெளியேறினர். அவர்களை நம்பியிருந்த கடைகள் மூடப்பட்டதால் வணிகர்களே எதிர்ப்புத் தெரிவிக்க, அடுத்த ஆண்டே அந்த வரி நீக்கப்பட்டது. 1852இல் மட்டும் ஏறத்தாழ 20,000 சீனர்கள் வந்து இறங்கினர். அதே ஆண்டு, அவர்களைக் குறிவைத்து மாதம் 3 டாலர் வரி மீண்டும் வந்தது, பின்னர் உயர்த்தவும் பட்டது. மற்றவர்கள் அரித்துவிட்டுக் கைவிட்ட மண்ணை விலைக்கு வாங்கி, பொறுமையாக மறுபடி அரித்தே சீனர்கள் வாழ்ந்தனர். 1854இல் மாநில உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. சீனத் தொழிலாளி ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் அந்தத் தீர்ப்பால் விடுபட்டார். அதன் பிறகு சீனர்களைக் கொள்ளையடிப்பது ஏறக்குறைய தண்டனையற்ற செயலாகிவிட்டது.

தட்டு வைத்து அரித்த காலம் முடிந்ததும் என்ன நடந்தது?

இங்கேதான் ஊர்களின் தலைவிதி பிரிகிறது. மேலோட்டமான மண் தீர்ந்த பின், தனி ஆளால் எடுக்க முடிந்த தங்கம் இல்லை. முதலில் நீண்ட மரத் தொட்டிகளை வாய்க்கால் போல இணைத்து, அடியில் குறுக்குச் சட்டங்கள் அடித்து, சரளையைத் தண்ணீருடன் ஓடவிட்டனர். சட்டங்களுக்கிடையே ஊற்றிய பாதரசம் தங்கத் துகளைப் பற்றிக்கொண்டது. இதற்குத் தொலைவிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதைச் செய்த நிறுவனங்கள் தண்ணீருக்கு விலை வைத்தன. கொலம்பியாவில் 1855இல் தண்ணீர்க் கட்டணத்தை எதிர்த்துச் சுரங்கக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு அது போனது.

அடுத்த படி இன்னும் பெரியது. 1853இல் நெவாடா சிட்டிக்கு அருகே எட்வர்ட் மாட்டெசன் என்பவர், உயரத்திலிருந்து குழாயில் இறக்கிய நீரைக் கூம்பு முனை வழியாகப் பீச்சி, மலைச்சரிவையே கரைக்கத் தொடங்கினார். பின்னர் வந்த இரும்புப் பீச்சுக் குழல்கள் பீரங்கியை ஒத்தவை. பழங்கால ஆறுகளின் சரளை மலைக்குள் புதைந்திருந்ததால், மலையைக் கரைத்தால்தான் தங்கம் என்ற நிலை. நார்த் புளூம்ஃபீல்டில் மலகாஃப் குழி இப்படித்தான் உருவானது. ஒரு காலத்தில் அந்த ஊருக்கு ஏமாற்று என்று பொருள்படும் ஹம்பக் என்றே பெயர். கரைத்த சேற்றை வெளியேற்ற 1874இல் முடிக்கப்பட்ட சுரங்கவழி சுமார் 2.4 கிலோமீட்டர் நீளமுடையது.

கரைந்த மலை எங்கே போகும்? யூபா ஆற்றில் இறங்கி, சமவெளியில் தங்கியது. ஆற்றுப் படுகை மேரிஸ்வில் நகரத் தெருக்களைவிட உயர்ந்துவிட்டதால், கரை எழுப்பிக் கரை எழுப்பி வாழ வேண்டியிருந்தது. 1875 வெள்ளம் நகருக்குள் புகுந்தது. விளைநிலங்கள் சேற்றில் புதைந்தன. விவசாயிகள் தொடுத்த வழக்கில் 1884 ஜனவரி 7 அன்று நீதிபதி லொரென்சோ சாயர், கழிவு மண்ணை ஆற்றில் விடக்கூடாது என்று தடை விதித்தார். பெருந்தொழில் ஒன்றை நிறுத்திய அந்தத் தீர்ப்பு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டத்தின் தொடக்ககால மைல்கற்களுள் ஒன்று. நார்த் புளூம்ஃபீல்டு போன்ற ஊர்கள் அதன் பிறகு மெல்லக் காலியாயின.

அப்படியானால் நிலைத்து நின்ற ஊர்கள் எவை?

பாறைக்குள் ஓடிய குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லின் இழைகளில் தங்கம் கிடைத்த ஊர்கள். கிராஸ் வேலி நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள எம்பயர் சுரங்கம் 1850இல் தொடங்கி 1956 வரை இயங்கியது. மொத்தம் 58 லட்சம் அவுன்ஸ் தங்கம் தந்தது. அதன் நிலத்தடிப் பாதைகளின் நீளம் ஏறத்தாழ 590 கிலோமீட்டர். இத்தகைய சுரங்கத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம், பாறை இடிக்கும் ஆலை, பல ஆண்டுகள் பொறுத்திருக்கும் முதலீடு, பயிற்சி பெற்ற தொழிலாளர் ஆகிய எல்லாம் வேண்டும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வெள்ளீயச் சுரங்கங்கள் நலிந்ததால் அங்கிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். குடும்பம் வந்தால் பள்ளியும் தேவாலயமும் வரும்; ஊர் வேர் பிடிக்கும்.

போடி ஏன் ஆவி நகரம் எனப்படுகிறது?

போடி சியெராவின் கிழக்குப் புறத்தில், 2,550 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத மேட்டில் இருக்கிறது. 1859இல் அங்கே தங்கம் கண்ட போடி என்பவர் அந்தக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் இறந்தார். ஊர் உண்மையில் எழுந்தது 1877க்குப் பிறகு, ஸ்டாண்டர்டு நிறுவனம் வளமான இழையைக் கண்டதும். சில ஆண்டுகளில் பல ஆயிரம் பேர் குவிந்தனர். 1882 அளவில் பங்கு விலைகள் சரிந்து, கூட்டம் கலைந்தது. ஆனாலும் ஊர் உடனே சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1892இல் சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கம்பி வழியே மின்சாரம் கொண்டுவந்து ஆலையை இயக்கினர். நெடுந்தொலைவு மின்கடத்தலில் அது முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. 1932இல் தீ ஊரின் பெரும் பகுதியை அழித்தது. போர்க்காலத்தில், 1942இல், தங்கச் சுரங்கங்களை மூட அரசு ஆணையிட்டதும் எஞ்சிய வேலையும் நின்றது. ஆட்கள் இல்லாமல் கட்டடங்கள் மட்டும் நிற்பதால்தான் ஆவி நகரம் என்ற பெயர்.

இந்தியாவில் இதுபோன்ற தங்க வேட்டை நடந்ததா?

நடந்தது. நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் 1880ஐ ஒட்டி, லண்டன் பங்குச்சந்தையில் திரட்டிய பணத்துடன் பல நிறுவனங்கள் இறங்கின. ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் அனுபவம் பெற்ற பிரோ ஸ்மித்தின் ஊக்கமளிக்கும் அறிக்கை அதற்குத் தூண்டுகோல். பாறையில் தங்கம் போதிய அளவு தேறாததால் சில ஆண்டுகளில் அந்தக் கனவு கலைந்தது. கோலார் தங்கவயல் வேறு வகை. அங்கே 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் திட்டமிட்டு ஆழ்சுரங்கம் நடத்தியது. கிராஸ் வேலியைப் போலவே கார்ன்வால் மேற்பார்வையாளர்கள் வந்தனர். ஆனால் பாறை உடைத்தவர்கள் பெரும்பாலும் வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். தனி ஆள் தட்டெடுத்துச் சென்று தன் அதிர்ஷ்டத்தைச் சோதிக்க அங்கே இடமில்லை. ஆகவே கோலாரைத் தங்க வேட்டை நகரம் என்பதைவிட நிறுவன நகரம் என்பதே சரி. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

அந்தச் சுரங்கங்களின் பாதிப்பு இன்றும் உள்ளதா?

உள்ளது. ஆற்றுச் சரளையை அலசும் பணியில் மட்டும் ஏறத்தாழ 45 லட்சம் கிலோ பாதரசம் கலிஃபோர்னிய மண்ணிலும் நீரிலும் கலந்தது என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் மதிப்பீடு. அது வண்டலில் தங்கி, நுண்ணுயிரிகள் வழியாக மீன்களுக்குள் ஏறுகிறது. சியெரா ஏரிகள் சிலவற்றில் பிடிக்கும் மீனை எவ்வளவு உண்ணலாம், கருவுற்ற பெண்கள் எதைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கைகள் இன்றும் நடைமுறையில் உள்ளன.

இந்த ஊர்களை இன்று நேரில் பார்க்க முடியுமா?

முடியும். கொலோமா, கொலம்பியா, மலகாஃப், எம்பயர் சுரங்கம், போடி ஆகிய அனைத்தும் மாநிலப் பூங்காக்கள். கொலோமாவில் மரம் அறுக்கும் ஆலையின் மறு உருவாக்கத்தைக் காணலாம். கொலம்பியாவில் கடைகள் இன்றும் நடப்பதால் குழந்தைகளுடன் செல்வோருக்கு அது ஏற்றது. போடி 1962 முதல் பூங்காவாக இருக்கிறது. அங்குள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பதில்லை, மேலும் சிதையாமல் மட்டும் காக்கிறார்கள். குளிர்காலத்தில் அதற்குச் செல்லும் சாலையைப் பனி மூடிவிடும் என்பதால், கோடைக்காலத்தைத் தேர்ந்தெடுத்து, குடிநீரும் உணவும் உடன் எடுத்துச் செல்வது நல்லது. ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், மலகாஃப் குழியின் விளிம்பில் நின்று பார்க்கும்படியே சொல்வேன். நீரைப் பீச்சி மனிதர்கள் கரைத்த மலையின் அளவு அங்கே கண்முன் தெரியும்.